அக்காவின் இடுப்பு வலி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் கோத்தகிரி பக்கம். அக்காவுக்கு 34 வயது, கொழுந்து பறிக்கும் வேலை. ஓராண்டாகத் தொடை இடுக்கில் வலி. சரிவில் ஏறினால், குத்தவைத்து உட்கார்ந்தால் சுருக்கென்று பிடிக்கிறது. எக்ஸ்ரேயில் தேய்மானம் இல்லை. தொடை எலும்பின் கழுத்தில் சிறு புடைப்பு இருக்கிறது, அது இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது என்றார் டாக்டர். இப்படி இடித்தால் விளிம்புச் சவ்வும் அதையொட்டிய குருத்தெலும்பும்தான் முதலில் பழுதாகுமாம். எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைவது வெகு பின்னால்தான். அதனால் எக்ஸ்ரேயில் தெரியாமலே உள்ளே பழுதாகியிருக்குமோ என்றுதான் எனக்குப் பயம்.

இப்போதே எம்ஆர்ஐ எடுக்கலாமா, இல்லை சில மாதம் பிசியோதெரபி பார்க்கலாமா? சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் புடைப்பைச் செதுக்கும் ஆர்த்ராஸ்கோபி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம் மலைச்சரிவில் வேலைக்குத் திரும்ப முடிந்ததா? கோயம்புத்தூர் வரை கூட்டிப்போகத் தயார். தயவுசெய்து சொல்லுங்கள்.