அட்டென்யுவேட்டர்: என் வாக்கு ‘மெலிப்பி’க்கு

அனைவருக்கும் வணக்கம்.

அட்டென்யுவேட்டருக்கு, அதாவது சிக்னலின் வலிமையை அளந்து குறைக்கும் கருவிக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ‘தணிப்பி’, ‘ஒடுக்கி’, ‘குறைப்பி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே நல்ல தமிழ்தான், ஆனால் அந்தப் பெட்டியைக் கையால் கட்டும்போது எந்தச் சொல் வாயில் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். போன மாதம் ஒன்று கட்டினேன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரேடியோ ரிசீவரின் உணர்திறனைச் சோதிக்க சிக்னல் ஜெனரேட்டரின் வெளியீட்டைத் தெரிந்த அளவுக்குக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், அதற்குத்தான் இது. காப்பர் கிளாட் போர்டை (செம்புத் தகடு ஒட்டிய அட்டை) பட்டைகளாக வெட்டி, நீளமான தொட்டி மாதிரி சால்டர் செய்து, மேலே வரிசையாக எட்டு ஸ்லைடு சுவிட்ச், இரண்டு முனையிலும் கேபிள் மாட்ட பிஎன்சி இணைப்பான். ஒவ்வொரு சுவிட்சையும் ஒரு பக்கம் தள்ளினால் சிக்னல் நேராகப் போகும், மறுபக்கம் தள்ளினால் மூன்று ரெசிஸ்டர் வழியாகப் போகும். 1, 2, 3, 5, 10, 20, 20, 20 என்று வைத்திருக்கிறேன், எல்லாம் சேர்ந்தால் 81 டெசிபெல் (சிக்னல் எத்தனை மடங்கு குறைகிறது என்பதைச் சொல்லும் அலகு). நடுவில் வேண்டிய எந்த முழு எண்ணையும் கூட்டி எடுத்துவிடலாம். மளிகைக் கடைத் தராசில் படிக்கற்களை மாற்றி மாற்றி வைப்பது போலத்தான்.

> தணிப்பி என்பதில் என்ன குறை? பள்ளிப் புத்தகத்திலேயே பழகிய வேர்தானே?

ஐயா, பழகிய வேர் என்பதுதான் எனக்குச் சிக்கல். இலங்கை இயற்பியலில் ‘தணித்தல்’ ஊசலின் வீச்சு காலப்போக்கில் அடங்குவதற்கு ஏற்கெனவே போய்விட்டது. தமிழ்நாட்டில் அதையே ‘தடையுறு அலைவு’ என்கிறோம், சரி, ஆனால் இரண்டு கரையிலும் படிக்கிறவர்களுக்கு ஒரு சொல் வேண்டுமென்றால் இந்த மோதலைத் தெரிந்தே இழுத்து வைக்கக் கூடாது. அதோடு காய்ச்சல் தணியும், கோபம் தணியும், தணிந்தது ஓய்ந்துபோகும். என் பெட்டியில் எதுவும் ஓய்வதில்லை. 20 டெசிபெல் தாண்டி வந்த சிக்னல் அதே அதிர்வெண்ணில், அதே அலைவடிவில் வருகிறது, திறனில் நூற்றில் ஒரு பங்காக.

‘ஒடுக்கி’யை விட்டுவிடலாம் என்பேன். இரைச்சலை அடக்கும் சுற்றுக்கும், ஒலிப்பதிவில் உச்சங்களை அமுக்கும் கருவிக்கும் அந்தச் சொல் நாளை தேவைப்படும். ‘குறைப்பி’ எதையும் குறைக்கும், மின்னழுத்தத்தை இறக்கும் டிரான்ஸ்பார்மரும் குறைப்பிதான்.

‘மெலிப்பி’ எனக்குத் தோன்றியது இலக்கணத்திலிருந்து. செய்யுள் விகாரம் ஒன்பதில் வலித்தலுக்கு அடுத்து வருவது மெலித்தல். ‘தட்டை’ என்பது ‘தண்டை’ ஆகும் என்று படித்திருப்போம். ட் போய் ண் வருகிறது, வல்லினம் தன் இன மெல்லினமாகிறது. கண்ட எழுத்தும் அங்கே வர முடியாது, அதே இடத்தில் பிறக்கும் எழுத்துதான் வரும். இடம் மாறாமல், இனம் மாறாமல், வலிமை மட்டும் இறங்குவதற்கு நம் இலக்கணம் வைத்த பெயர் மெலித்தல். அட்டென்யுவேட்டர் செய்கிற வேலையும் அதுதானே! ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் மெல்லியதாக்குதல் என்றுதான் பொருள், ஆனால் அது தற்செயலாகக் கிடைத்த கூடுதல் பலம், அதை வைத்து நான் வாதாடவில்லை.

இன்னொரு வசதியும் இருக்கிறது. மெலிந்தான், மெலித்தான் என்று தன்வினை பிறவினை இரண்டும் நமக்குத் தெளிவாகக் கிடைக்கின்றன. நீளமான கேபிளில் சிக்னல் தானாக இழப்பதை ‘மெலிவு’ என்போம், நாம் வேண்டுமென்றே அளந்து குறைப்பதை ‘மெலிப்பு’ என்போம். கட்டும்போது இந்த வேறுபாடு உண்மையிலேயே தேவைப்பட்டது. முதல் தடவை சுவிட்சுகளுக்கு இடையே தடுப்புச் சுவர் வைக்காமல் கட்டிவிட்டேன். எல்லா சுவிட்சையும் போட்டும் மீட்டர் 81-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 80 டெசிபெல் என்றால் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சின்னதாகிவிட்ட சிக்னலுக்குப் பக்கத்தில், பெட்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காற்றுவழியாகத் தாவி வருவதே பெரிதாக நிற்கிறது. அடுத்தடுத்த சுவிட்சுகளுக்கு இடையே ஒரு செம்புத் துண்டை நிறுத்தி, சுவிட்சுக்கு ஓர் அறையாகப் பிரித்து, நாலு பக்கமும் சால்டர் ஓடவிட்டு, கம்பி போக மட்டும் சின்ன ஓட்டை விட்ட பிறகுதான் எண் சரியாக வந்தது. இதற்குக் ‘கசிவு’ என்ற சொல்லே போதும், புதிதாக ஒன்றும் செய்ய வேண்டாம்.

> ஒரே அறையில் 40 வைத்தால் சுவிட்ச் மிச்சமாகுமே?

மிச்சமாகும், வேலை செய்யாது. 50 ஓம் கணக்கில் 20 டெசிபெலுக்கு, சிக்னல் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே நிற்கும் இரண்டு ரெசிஸ்டரும் 61.1 ஓம், நடுவே தொடரில் வருவது 247.5. கடையில் கிடைக்கும் 62-ம் 249-ம் போட்டால் 19.9 வந்துவிடும், அது போதும். 40 டெசிபெல் ஒரே அறையில் வேண்டுமென்றால் நடுவில் 2500 ஓம் வைக்க வேண்டும். சுவிட்சின் கால்களுக்கு இடையே ஒரு பிகோஃபாரட் மின்தேக்குதிறன் இருந்தாலே 144 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1100 ஓம், சிக்னல் ரெசிஸ்டரை விட்டுவிட்டு அந்த வழியாகப் போய்விடும். அதனால்தான் இப்படிக் கையால் கட்டும் பெட்டியில் ஓர் அறைக்கு 20-க்கு மேல் பொதுவாக வைப்பதில்லை.

இந்த மூன்று ரெசிஸ்டர் அமைப்பை, கிரேக்க எழுத்து π போல இருப்பதால், ‘பை நெட்வொர்க்’ என்று எல்லோரும் எழுதுகிறோம், தமிழ் எழுத்தில் பார்த்தால் துணிப்பை மாதிரி இருக்கிறது. ‘ப வடிவ வலை’ என்று எழுதிப் பாருங்களேன். ப-வின் அடிக்கோடு தொடர் ரெசிஸ்டர், இரண்டு கால்களும் குறுக்கு ரெசிஸ்டர்கள். பந்தியில் ப வடிவில் இலை போட்டார்கள் என்றால் எல்லோருக்கும் புரிகிறது, இதுவும் புரியும். படத்தில் கிரவுண்டு கோட்டை மேலே போட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம், முழுப் பெயர். ‘சுவிட்ச் போட்ட மெலிப்பி’ நீளம். ‘படிமெலிப்பி’ என்று முன்மொழிகிறேன். படிப்படியாக இறங்குவதும் அதில் இருக்கிறது, படிக்கல்லும் இருக்கிறது. யாழ்ப்பாண நண்பர் ‘ஆளி’யைச் சேர்த்து ‘ஆளிமெலிப்பி’ என்றார். ரெசிஸ்டருக்கு ‘தடையி’ என்ற கச்சிதமான சொல்லைத் தந்தவர்கள் நீங்கள், அதை நாங்கள் ‘மின்தடையாக்கி’ என்று இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறோம், ஆகவே உங்கள் சொல்லைத் தள்ள மனமில்லை. ஆனால் சுழற்றும் குமிழ் வைத்த வகையும் உண்டு, இரண்டுக்கும் பொதுவாகப் படிமெலிப்பி நிற்கும், சுவிட்ச் வரிசை வைத்ததைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஆளிப் படிமெலிப்பி’ என்று உங்கள் சொல்லும் வரட்டும்.

சொற்பட்டியலில் ஏற்றும்போது விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: இது சோதனைக் கருவிக்கானது, டிரான்ஸ்மிட்டரை இதில் இணைக்கக் கூடாது. கையடக்க ரேடியோவைக் கேட்பதற்காக மட்டும் நான் இணைத்திருந்த வேளையில் பேசும் பொத்தானில் விரல் பட்டுவிட்டது. 5 வாட் போனால் அதில் 4 வாட்டுக்கு மேல் முதல் 62 ஓமின் தலையிலேயே விழும், அது கால் வாட் ரெசிஸ்டர். ஒரு நொடிதான், நீலப் பூச்சு வெடித்து நடுவில் கரிய வளையம். அந்த அறையை மட்டும் பிரித்து ரெசிஸ்டரை மாற்றி மறுபடி அளந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ‘மெலிப்பி’, ‘மெலிப்பு’, ‘மெலிவு’, ‘படிமெலிப்பி’, ‘ப வடிவ வலை’ ஐந்தையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அனுப்புகிறேன். ‘இம்பீடன்ஸ்’ (மாறுமின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்தத் தடை) பற்றித் தனி இழையில் பேசுவோம், அதற்கு இரண்டு கரையிலும் வேறு வேறு சொல் ஊன்றிவிட்டது.