துத்தநாக–காற்று மின்கலத்தை மீண்டும் மின்னேற்ற முடியாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். அம்மாவின் காது கேட்கும் கருவியில் 312 அளவு துத்தநாக–காற்று மின்கலத்தை வாரந்தோறும் நான்தான் மாற்றித் தருகிறேன். ஒட்டுத்தாளை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து 1.4 வோல்ட் எழுகிறது. இத்தனை சிறிய வில்லையில் இவ்வளவு ஆற்றல் அடங்குவதைப் பார்த்து, நான் வடிவமைத்துவரும் கையடக்க நீர்த்தர அளவிக்கும் இதே வகையில், ஆனால் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலம் ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். தடை எங்கே இருக்கிறது?

பதில் 1:
முதலில் ஓர் எச்சரிக்கை. கையிலுள்ள வில்லைக் கலத்தை மின்னேற்றியில் மாட்டிவிடாதீர்கள். உள்ளே வாயு உண்டாகி, தோலை அரிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியக்கூடும்.

கடினமான பகுதி, காற்று உள்ளே வரும் பக்கத்திலுள்ள காற்று மின்வாய்தான். மின்சாரம் தரும்போது அது ஆக்சிஜனை உள்வாங்க வேண்டும். மின்னேற்றும்போது அதே பரப்பு ஆக்சிஜனை வெளியேற்ற வேண்டும். முதல் வேலையைத் திறம்படச் செய்யும் வினையூக்கி இரண்டாவதில் பெரும்பாலும் திணறுகிறது. அதைத் தாங்கும் கார்பனோ மின்னேற்றும் மின்னழுத்தத்தில் தானே அரிந்துபோகிறது. ஏறத்தாழ 1.2 வோல்ட்டில் மின்சாரம் தரும் கலத்துக்கு 2 வோல்ட் அளவில் கொடுத்தால்தான் மின்னேறும் என்பதால், செலுத்தும் ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்கு வீணாகிறது. மின்னேற்றுவதற்கென்றே நிக்கல் வலையில் மூன்றாவது மின்வாய் வைத்தால் காற்று மின்வாய் நீண்ட நாள் தாங்கும்.

பதில் 2:
துத்தநாகத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மின்பகுளியான காரத்தில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைந்த துத்தநாகம், மின்னேற்றும்போது பழைய இடத்தில் சீராகப் படியாமல் முள்போல நீண்டு, இரு மின்வாய்களையும் பிரிக்கும் தாளைத் துளைத்துக் குறுக்குச் சுற்றை உண்டாக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் துத்தநாகத்தைத் துளைகள் நிறைந்த பஞ்சாக உருவாக்கி இதைப் பெரிதும் தணித்தது. ஆனால் 2017இல் அவர்கள் காட்டியது நிக்கல்–துத்தநாகக் கலத்தில், துத்தநாக–காற்றுக் கலத்தில் அல்ல.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரத்தைக் கார்பனேட்டாக மாற்றுவது இன்னொரு தொல்லை. நான் மேசைமேல் திறந்துவைத்த சோதனைக் கலத்தில், காற்று மின்வாயின் விளிம்பைச் சுற்றிச் சுவரில் உப்புப் பூத்ததைப்போல வெள்ளைப் படிவு ஏறியிருந்தது. காற்று மின்வாயின் துளைகள் அடைபட்ட பிறகு எந்த வினையூக்கியாலும் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மூன்றாவது மின்வாய்க்கு என் கருவியில் இடமில்லை. காரமே இல்லாத மின்பகுளியைக் கொண்டு செய்ய இயலுமா?

பதில் 1:
இயலும். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தினர் இடம்பெற்ற குழு, சிங்க் ட்ரைஃபிளேட் என்னும் துத்தநாக உப்பின் கரைசலில் துத்தநாகப் பெராக்சைடு உண்டாகி மீண்டும் சிதையும் கலத்தை 2021இல் சயன்ஸ் இதழில் விவரித்தது. சாதாரணக் காற்றிலேயே அது 1600 மணி நேரம் இயங்கியது. கையடக்கக் கருவிகளுக்கு இந்த வழியில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் அதிக மின்னோட்டத்தை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. ஆகவே உங்கள் கருவி ஓய்விலிருக்கும்போதும் அளவெடுக்கும்போதும் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது என்பதை அளந்து எழுதுங்கள்; உச்சத் தேவையை மின்தேக்கி ஒன்று தாங்குமானால், மின்வாயின் பரப்பை அதற்கேற்பக் கணக்கிட்டுத் தருகிறேன்.