விடுதித் தோழர்களைத் தேடுகிறேன், விவரம் தெரிந்தால் சொல்லுங்க

அண்ணன்மார், தம்பிமார், அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

1984 முதல் 1990 வரை ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி விடுதியில் தங்கிப் படித்தேன். எங்களோடு படித்து இறந்துபோனவர்களுக்காக ஒரு நினைவேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பெயரையும் தேதியையும் மட்டும் போட மனசு வரவில்லை. எப்படிச் சிரிப்பான், என்ன தொழில் பார்த்தான் என்பதும் அதில் இருக்கணும்.

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, மூக்கையூர் என்று கரை நெடுகிலும் இருந்து வந்த பிள்ளைகள். பாதிப்பேருக்கு அப்பா கடலுக்குப் போகிறவர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், பாட்டி சொன்ன அந்த ராத்திரியை விளக்கணைத்த பிறகு எங்களுக்குச் சொல்வான். போன வருஷம் அவன் இறந்த செய்தி வந்தது. அதிலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமிலிருந்து வந்த இன்னொருவன் தபால்காரர் வரும் நேரம் வாசலிலேயே நிற்பான். அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தார். பத்தாவது முடித்துப் போனவன் இப்போது எங்கே என்று யாருக்காவது தெரியுமா? அவனைத்தான் முதலில் தேடுகிறேன்.

அந்த வருஷங்களில் எடுத்த குரூப் போட்டோ, பழைய கடிதம் எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்க. எழுத முடியாத அம்மாமார் குரல்பதிவாகப் பேசி அனுப்பினாலும் போதும், நானே எழுதிக்கொள்கிறேன். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பீர்கள். அப்போது வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறேன், எந்த ஊருக்கு வரணும் என்று மட்டும் சொல்லுங்க.