சென்னையில் சைக்கிள் ஓட்டுபவர்களே, வழியில் யாரைச் சந்தித்தீர்கள்?

ஞாயிறு சவாரி:
போன ஞாயிறு விடிகாலை ஐந்து மணி. திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்புவது எங்கள் குழுவின் வாடிக்கை. நீலாங்கரை தாண்டியதும் எனக்குப் பின் டயர் பஞ்சர். 25 மில்லிமீட்டர் டயர், காற்று கல் மாதிரி இருக்கும். ஓர மணலில் கிடக்கும் ஒரு கண்ணாடிச் சில்லு போதும். மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு டியூப் மாற்ற உட்கார்ந்தேன். கேரியரில் டீ கேன் கட்டிய சைக்கிளில் வந்த ஒரு அண்ணன் நின்று, செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். டீயும் ஊற்றிக் கொடுத்தார்.

பேச்சுவாக்கில், "சைக்கிளுக்குன்னு தனியா தடுப்பு வெச்சு பாதை போட்டா உங்களுக்கும் நல்லதுதானேண்ணா?" என்றேன்.

"எனக்கு எதுக்கு சார்? நான் ஓட்டுறது கொஞ்சம், நிக்கிறதுதான் ஜாஸ்தி. ஏடிஎம் வாட்ச்மேன் கைய காட்டுனா டக்குனு ஓரம் கட்டணும். தடுப்பு வெச்சா கேனோட எப்படித் தாண்டுறது? நிக்கிற இடத்துல விரட்டாம இருந்தா போதும்."

சைக்கிள் பாதை வேண்டும் என்று இரண்டு வருடமாகப் போகிற இடமெல்லாம் பேசி வந்தவன் நான். கேனைத் தூக்கிக்கொண்டு அவர் தடுப்பைத் தாண்டுவதை ஒருநாள்கூட யோசித்ததில்லை.

பாரிமுனை:
தடுப்பு என்றதும் எனக்கு எங்கள் பெரியவர் ஞாபகம். ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடையில் வேலை பார்க்கிறேன். அவர் எங்களுக்கு ட்ரைசைக்கிளில் லோடு அடிப்பவர். ஒருநாள் டெலிவரிக்கு நானும் கூடப் போனேன். ஒரு இடத்தில் சைக்கிள் பாதை என்று பெயின்ட் அடித்து, பைக் நுழையக் கூடாதென்று வாயில் இரும்புத் தூண் நட்டிருந்தார்கள். எங்கள் கண்ணெதிரே மூன்று பைக் உடம்பை நெளித்து உள்ளே போயின. எங்கள் வண்டி போகவில்லை. அதுவும் சைக்கிள்தானே, பெடல் மிதித்துத்தானே ஓடுகிறது! பஸ்ஸுக்கு நடுவிலேயே போனோம்.

அவர் கேட்பது வேறு. சிக்னலில் பச்சை விழுந்ததும் பைக்கெல்லாம் பறந்துவிடும். லோடு வண்டியை நின்ற இடத்திலிருந்து கிளப்ப, அவர் சீட்டை விட்டு எழுந்து முழு எடையையும் பெடலில் போட வேண்டும். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் பின்னால் ஹாரன். பாதி ரோடு தாண்டும்போது சிவப்பு. "இன்னும் பத்து எண்ற வரைக்கும் பச்சை எரிஞ்சா நான் பாட்டுக்குப் போயிடுவேன் தம்பி" என்றார்.

2014-லேயே மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. அதை எழுதியபோது பெரியவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

பிளஸ் ஒன் அம்மா:
கோபமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். என் பெண்ணுக்குப் பள்ளியில் அரசு சைக்கிள் கொடுத்தார்கள். சனிக்கிழமை காலை ஸ்பெஷல் கிளாஸுக்குப் போகும்போது ஹெல்மெட் போட்ட ஏழெட்டுப் பேர் பின்னாலிருந்து "லெஃப்ட்! லெஃப்ட்!" என்று கத்திக்கொண்டே உரசுகிற மாதிரி போயிருக்கிறார்கள். பயந்துபோய் ஓரம் ஒதுங்கியவள் உடைந்த வடிகால் மூடியில் விழுந்து முட்டி பெயர்ந்துவிட்டது. லாரிக்குப் பயப்படுவாள், தெரியும். சைக்கிளுக்கும் பயப்பட வேண்டுமா? இப்போது மெயின் ரோட்டை விட்டுவிட்டு உள்தெரு வழியாகச் சுற்றிப் போகிறாள். பத்து நிமிஷம் கூடுதல். அங்கே விளக்கு எரிந்தாலே எனக்குப் போதும்.

ஞாயிறு சவாரி:
அம்மா, அது எங்கள் குழுவாகவும் இருக்கலாம். நாங்களும் அப்படித்தான் கத்துவோம். எங்கள் சைக்கிளில் மணி கிடையாது, எடை கூடுமாம். நேற்று கடையில் ஒன்று வாங்கி மாட்டினேன். குழுவில் என்னை இப்போது ஐஸ்காரன் என்று கூப்பிடுகிறார்கள்.

முட்டி ஆறிவிட்டதா?