நம்ம குடும்பம் குரூப்: ஆகஸ்ட் 6

ராமு சித்தப்பா: இன்னிக்கு ஹிரோஷிமா நாள். அங்க அணுகுண்டு போட்டது, அப்போ அமெரிக்க அதிபரா இருந்த ட்ரூமன் தனியா எடுத்த முடிவுன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு ஆலோசனைக் குழு கூடிப் பேசி சிபாரிசு பண்ணியிருக்கு.

கவிதா: இடைக்காலக் குழுதானே சித்தப்பா? 1945 மே மாசம் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் தலைமையில.

பெரியம்மா: அதுல விஞ்ஞானிங்க இல்லையா? அவங்களாவது தடுத்திருக்கலாமே.

கவிதா: இருந்தாங்க பெரியம்மா. குழுவுலேயே புஷ், கோனன்ட், கார்ல் காம்ப்டன். யோசனை சொல்ல ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், ஆர்தர் காம்ப்டன்னு தனிக் குழு வேற.

ராமு சித்தப்பா: மே 31 கூட்டக் குறிப்பு இருக்கு அண்ணி. நிறைய தொழிலாளிங்க வேலை பாக்குற ஆயுத ஆலை, அதைச் சுத்தி நெருக்கமா அவங்க வீடுங்க. அதுதான் சரியான இலக்குன்னு கோனன்ட் சொல்றார், ஸ்டிம்சன் ஒத்துக்கிறார். அந்த வீடுகள்ல யாரு இருப்பாங்க? குழந்தைங்க, பிள்ளைத்தாச்சிங்க, வயசானவங்க. படிச்சுட்டு ரொம்ப நேரம் மனசே ஆறலை.

பெரியம்மா: கடவுளே. முன்கூட்டியே சொல்லக்கூட இல்லையா?

கவிதா: எச்சரிக்கை கொடுக்க வேண்டாம்னுதான் முடிவு. ஆளில்லாத இடத்துல வெடிச்சுக் காட்டலாமான்னு அன்னிக்கு மதியச் சாப்பாட்டு மேசையில பேசியிருக்காங்க, எடுபடலை. ஜூன் 11ல ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில, அணுகுண்டுத் திட்டத்துல வேலை பார்த்த சிகாகோ விஞ்ஞானிங்க அதையே அறிக்கையா எழுதினாங்க. பாலைவனத்துலயோ வெறும் தீவுலயோ உலக நாடுகள் பாக்க வெடிச்சுக் காட்டுங்கன்னு. ஓப்பன்ஹைமர் குழு ஜூன் 16ல, வெறுமனே வெடிச்சுக் காட்டினா போர் முடியும்னு தோணலைன்னு சொல்லிடுச்சு.

முரளி அண்ணா: குண்டு போடாம ஜப்பான் மேல படையெடுத்துப் போயிருந்தா இன்னும் எத்தனையோ பேர் செத்திருப்பாங்கன்னு சொல்றாங்களே?

ராமு சித்தப்பா: அதையும் பேசத்தான் வேணும் முரளி. என் ஆதங்கம் வேற. போடலாமா வேண்டாமான்னு அந்தக் குழு உட்கார்ந்து தீர யோசிக்கவே இல்லை. எப்படி, எதுமேலன்னுதான் பேச்சு ஓடுது.

கவிதா: குழுவுல இருந்த ஒருத்தருக்கு அப்புறம் மனசு கேக்கலை. கடற்படைத் துணைச் செயலர் ரால்ஃப் பார்ட். ரெண்டு மூணு நாள் முன்னாடியாவது ஜப்பானுக்கு எச்சரிக்கை கொடுங்கன்னு ஜூன் 27ல எழுதிக் கொடுத்தார்.

பெரியம்மா: புண்ணியவான். யாரும் கேக்கலையே.

முரளி அண்ணா: பார்ட் எழுதின அந்தக் குறிப்பு இருந்தா அனுப்பு கவிதா. பசங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன்.

கவிதா: சின்னதுதான் அண்ணா. தமிழ்ல எழுதி ராத்திரிக்குள்ள போடறேன்.