முதல் வீடு: விற்பவருக்குக் கடன் பாக்கி இருந்தால்?

எல்லோருக்கும் வணக்கம். குரோம்பேட்டையில் 12 வருடப் பழைய இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று பிடித்திருக்கிறது. விலை 48 லட்சம். எங்கள் குடும்பத்தில் யாரும் ஃபிளாட் வாங்கியதில்லை, அதனால் வீட்டில் கேட்க ஆளில்லை.

இந்த விலைக்கு வங்கி 80 சதவீதம் வரைதான் கடன் தரும் என்பதால் 9.6 லட்சம் கையிலிருந்து போக வேண்டும். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் தனி. அதுவே நாலேகால் லட்சத்தைத் தாண்டுகிறது, கடனிலும் சேராது. சரி, இதைச் சமாளித்துவிடலாம்.

சிக்கல் வேறு. விற்பவருக்கே இன்னும் வீட்டுக்கடன் பாக்கி. தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமையைக் காட்டும் பழைய பத்திரம்) உட்பட எல்லா அசல் பத்திரங்களும் அவருடைய வங்கியில் இருக்கின்றன. சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் அந்த அடமானமும் தெரிகிறது. தரகரோ அட்வான்ஸாக 5 லட்சம் கொடுத்து அக்ரிமெண்ட் போடச் சொல்லி அவசரப்படுத்துகிறார். (அவசரம் அவருடைய கமிஷனுக்குத்தான் என்று என் மனைவி சொல்கிறார்.)

இப்படிப்பட்ட வீட்டை வாங்கியவர்கள் சொல்லுங்கள்: என் வங்கியே அவர் கடனை நேரடியாக அடைத்து அசல் பத்திரங்களை வாங்கிக்கொள்ளுமா? கடன் அடைந்து அடமானம் நீங்கியதற்கான ரத்து ரசீதைப் பதிவு செய்த பிறகுதான் கிரயம் செய்ய முடியுமா, இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாமா? அட்வான்ஸை எவ்வளவு வரை குறைத்துப் பேசலாம்? வங்கி வக்கீல் பார்ப்பது போக, தனியாக ஒருவரிடமும் காட்டினீர்களா? தாம்பரம் பக்கம் நல்ல சொத்து வக்கீல் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.