சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்கான உடற்பயிற்சி ஆப்: அடிகளுக்குப் பதில் எதை எண்ணுவது?

கேள்வி:
நடை எண்ணும் ஆப் ஒன்றில் சக்கர நாற்காலி முறையைச் சேர்க்கிறோம். 'அடிகள்' இருந்த இடத்தில் 'தள்ளல்கள்' (சக்கரத்தைக் கையால் தள்ளும் எண்ணிக்கை) என்று போட்டு, தினசரி இலக்கு 3,000 என வைத்திருக்கிறோம். சோதனையில் மூன்று சிக்கல்கள். இறக்கத்தில் தூரம் கூடுகிறது, தள்ளல் கூடுவதில்லை. மோட்டார் நாற்காலியில் போனால் 'ஓட்டம்' என்று பதிகிறது. சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் இதயத்துடிப்பு 'மிதமான' வரம்பைத் தொடுவதில்லை. எங்கே திருத்துவது?

பதில் 1:
முதலில் அந்த 3,000-ஐ எடுத்துவிடுங்கள். அடிக்கடி, பலமாகத் தள்ளித் தள்ளித்தான் தோள்பட்டை கெடுகிறது. நீளமாக, சீராகத் தள்ளி, அதே தூரத்தைக் குறைந்த தள்ளல்களில் கடக்கும்படிதான் சிகிச்சையாளர்கள் சொல்லித்தருகிறார்கள். எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தால், ரிம்மை (சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் வளையத்தை) குட்டிக்குட்டியாகத் தட்டுபவருக்கே பதக்கம் போகும். தள்ளலை எண்ணுங்கள், இலக்கு நிமிடங்களில் இருக்கட்டும். தண்டுவடக் காயம் உள்ள பெரியவர்களுக்கான 2018 சர்வதேச வழிகாட்டுதல், உடல்திறனுக்கு வாரம் 2 முறை குறைந்தது 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சியும், வாரம் 2 முறை தசை வலிமைப் பயிற்சியும் கேட்கிறது. வளர்சிதை மாற்ற நலனுக்கு 30 நிமிடம், வாரம் 3 முறை.

இறக்கத்தில் நடப்பது பிழையல்ல. தள்ளலை ஒரு நிலையான நீளத்தால் பெருக்கித் தூரம் கண்டுபிடிக்காதீர்கள். சக்கரத்தின் ஹப்பில் (நடுப்பகுதியில்) சைக்கிள் வேக சென்சாரை மாட்டினால் தூரம் நேராகக் கிடைக்கும். 24 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீட்டர், ஆனால் டயரும் காற்றும் அதை மாற்றும். ஆள் உட்கார்ந்த நிலையிலேயே 10 சுற்று உருட்டி, அளந்து, பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: புளூடூத் சென்சார் அனுப்பும் நேரம் 1/1024 வினாடி அலகில், 16 பிட்டில் வரும். 64 வினாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். அதைவிட அதிக நேரம் நின்று கிளம்பும்போது வேகம் தாறுமாறாக எகிறினால் காரணம் இதுதான். அந்த ஒரு வேகக் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள்.

பதில் 2:
இதயத்துடிப்பு வரம்பைத் தொடாதது பற்றி: இதயத்தை முடுக்கும் நரம்புகள் மேல் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் முழுமையான காயம் என்றால் உச்சத் துடிப்பே 110 முதல் 130-க்குள் நின்றுவிடலாம். உச்சத் துடிப்பைக் கணிக்கும் '220 கழித்தல் வயது' என்ற சூத்திரம் அவர்களுக்குப் பொருந்தாது. உண்மையான உழைப்பை ஆப் 'ஓய்வு' என்று எழுதிவிடும், அது அநியாயம். பயிற்சி முடிந்ததும் 'எவ்வளவு கடினம்?' என்று 0 முதல் 10 வரை கேளுங்கள், பயிற்சி நிமிடங்களை அந்தப் பதிலை வைத்து வகைப்படுத்துங்கள்.

கேட்டவர்:
அப்படியானால் காயத்தின் நிலையைப் பதிவின்போதே கேட்டுவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். அது மருத்துவத் தகவல். காயமே இல்லாமல் நாற்காலி பயன்படுத்துவோரும் நிறைய. எப்படி நகர்கிறார் என்று கேளுங்கள்: இரு கைகள், ஒரு கை, கையும் காலும், மோட்டார், வேறொருவர் தள்ளுவது. சிலர் சில நாள் நடப்பார்கள். ஆகவே இது ஒவ்வொரு பயிற்சிக்கும் மாற்றக்கூடிய தேர்வாக இருக்க வேண்டும்.

பதில் 3:
மோட்டார் தேர்வு செய்தவருக்கு ஜிபிஎஸ் வழித் தானியங்கிக் கண்டறிதலை அணைத்துவிடுங்கள். கை எர்கோமீட்டர் (கையால் பெடல் சுற்றும் கருவி), உட்கார்ந்த குத்துச்சண்டை, ரப்பர் பட்டைப் பயிற்சி ஆகியவற்றை டைமரில் பதியட்டும். ஜாய்ஸ்டிக் பிடிக்காத கையில் வாட்ச் கட்டச் சொல்லுங்கள். தள்ளலை எண்ண ஹெல்த்கிட்டிலும் (ஐபோன்) ஹெல்த் கனெக்ட்டிலும் (ஆண்ட்ராய்டு), அதாவது ஆப்கள் உடல்நலத் தரவைப் பகிரும் தளங்களில், தனி வகை இருக்கிறது. அடிகள் வகைக்குள் திணிக்காதீர்கள், மற்ற ஆப்கள் அதை நடையாகவே படிக்கும். 'எழுந்து நில்லுங்கள்' என்ற நினைவூட்டல் இந்த முறையில் ஒரு இடத்திலும் மிச்சமிருக்கக் கூடாது, அறிவிப்பு வாசகங்களையும் தேடிப் பாருங்கள்.